பழுப்புக் கரடி வேட்டைக்கு .30-06 ரைஃபிள் போதுமா? எந்தத் தோட்டா வாங்கவேண்டும்?

கும்பகோணத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். டெக்சாஸில் குடியேறிய உங்கள் தங்கை கணவர், உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் அலாஸ்காவின் கோடியாக் தீவுக்குப் பழுப்புக் கரடி வேட்டைக்குச் செல்லவிருக்கிறார். மான் வேட்டைக்குப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவரும் .30-06 ரைஃபிள் அவரிடம் இருக்கிறது (.30, .375 போன்ற எண்கள் குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்பவை). அதற்கே நல்ல தோட்டா வாங்கினால் போதுமா, .375 போன்ற பெரிய துப்பாக்கியே வாங்கிவிட வேண்டுமா என்பது உங்கள் வீட்டில் நடக்கும் விவாதம். துப்பாக்கி போதும், அவரிடம் இருக்கும் மான் வேட்டைத் தோட்டா போதாது என்பதே என் கருத்து.

என் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். ஆற்று வண்டல் ஆய்வுக்காக அலாஸ்காவின் சால்மன் ஆறுகளை ஒட்டிய கோடைகால முகாம்களில் வேலை பார்த்திருக்கிறேன். வேட்டையாடியதில்லை. ஆனால், கரடி நடமாடும் கரையில் மற்றவர்கள் மாதிரி எடுக்கும்போது ரைஃபிளுடன் காவல் நிற்கும் பொறுப்பு முறைவைத்து எல்லோருக்கும் வரும் என்பதால், தோட்டாவைப் பற்றிய பயிற்சியும் அங்குள்ள பழைய வழிகாட்டிகளின் நீண்ட பேச்சுகளும் எனக்குக் கிடைத்தன.

நம் டெல்டாவில் பெரியவர்களுக்குத் துப்பாக்கி என்றால் ரவைத் துப்பாக்கிதான். அறுவடை முடிந்த வயலில் உள்ளானையும் நீர்க்கோழியையும் அடித்த அந்தக் காலத்து நினைவில், சிதறிப் பரவும் ரவையில் இரண்டு மூன்று பட்டாலே பறவை விழுந்துவிடும் என்பதுதான் நிற்கிறது. பெரிய கரடிக்கு இந்தக் கணக்கு முற்றிலும் பொருந்தாது. கோடியாக் ஆண் கரடி 600 கிலோவையும் தாண்டி வளரக்கூடியது. தடித்த மயிர், அதன்கீழ் குளிர்காலத்துக்குச் சேர்த்த கொழுப்பு, அதன்கீழ் தோள் திமிலின் இறுகிய தசை, அதற்கும் உள்ளே கனத்த தோள் எலும்பு என்று இத்தனையையும் கடந்த பிறகே தோட்டாவின் நுனியிலிருந்து பாயும் குண்டு நுரையீரலையோ இதயத்தையோ எட்டமுடியும். ஆகவே, தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்கவேண்டியது, குண்டு எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை விட எவ்வளவு ஆழம் போகும் என்பதே.

ஆழத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் குண்டின் கட்டமைப்பு. மான் வேட்டைக்கான சாதாரண ஈயக் குண்டு, மெல்லிய செப்பு உறையுடன், மெலிந்த உடலுக்குள் சட்டென்று விரிவதற்காகச் செய்யப்பட்டது. அதுவே அருகிலிருந்து, வேகம் சற்றும் குறையாத நிலையில், கரடியின் தோள் எலும்பில் மோதினால், சுவரில் எறிந்த ஈரக் களிமண் உருண்டையைப் போல அங்கேயே அப்பிக்கொண்டு சிதறிவிடும். கரடி காயப்படும், ஆனால் விழாது. இதே சிக்கல்தான் 1946-இல் ஜான் நோஸ்லர் என்ற வேட்டைக்காரருக்குக் கனடாவில் வந்தது. சேறு காய்ந்து அப்பியிருந்த ஒரு பெரிய மூஸ் மானின் மீது அவருடைய .300 மேக்னம் (கூடுதல் வெடிமருந்து கொண்ட வலிய தோட்டா) குண்டுகள் உள்ளே போகாமல் உடைந்தன. அதன் பிறகு அவர் உருவாக்கிய 'பார்ட்டிஷன்' குண்டில் நடுவே ஒரு செப்புத் தடுப்பு இருக்கும்; முன்பாதி விரியும், பின்பாதி உருக்குலையாமல் தொடர்ந்து உள்ளே செல்லும். இன்று ஈயமும் உறையும் பிரியாமல் உருக்கி ஒட்டப்பட்ட 'பாண்டட்' குண்டுகளும், ஈயமே இல்லாத முழுச் செப்புக் குண்டுகளும் அதே வேலையை வெவ்வேறு வழியில் செய்கின்றன. கரடிக்குப் போகிறவர் இந்த மூன்று வகைகளுக்கு வெளியே தேடவேண்டியதில்லை.

அமெரிக்க வனத்துறை 1983-இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கையை மாப்பிள்ளை தேடிப் படிக்கவேண்டும். அலாஸ்காவில் களப்பணி செய்யும் ஊழியர்கள் கரடியிடமிருந்து தற்காத்துக்கொள்ள எந்தத் துப்பாக்கி ஏற்றது என்று பார்ப்பதற்காக, கரடி பாய்ந்துவரும் தூரமான 15 கஜத்தில், அதாவது ஏறத்தாழ 14 மீட்டரில், பலவகைத் தோட்டாக்களைச் சுட்டுச் சோதித்தார்கள். .458, .375, .338 ஆகிய பெரிய மேக்னம்கள் கனமான குண்டுகளோடு முன்னிலையில் இருந்தன; .44 மேக்னம் கைத்துப்பாக்கி மிகவும் பின்தங்கியது. .30-06-இல் 220 கிரெயின் எடையுள்ள குண்டு நன்றாகவே செயல்பட்டது. இன்றுள்ள குண்டுகள் பொதுவாக அன்றைய குண்டுகளைவிட உறுதியானவை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

எனவே .30-06-க்கு நான் சொல்வது, பார்ட்டிஷன் அல்லது பாண்டட் வகையில் 200 அல்லது 220 கிரெயின் குண்டு. ஒரு கிரெயின் என்பது 0.0648 கிராம், 220 கிரெயின் என்றால் சுமார் 14 கிராம். அது துப்பாக்கி வாயிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 730 மீட்டர் வேகத்தில்தான் புறப்படும், 180 கிரெயினைவிட மெதுவாக. விளம்பர அட்டைகளைப் பார்ப்பவருக்கு இது குறையாகத் தெரியலாம். ஆனால் கரடியைப் பெரும்பாலும் நூறு மீட்டருக்குள் சுடுவதால், தூரத்தில் குண்டு தாழ்வதைப் பற்றி இங்கே கவலை வேண்டாம். ஒரே விட்டத்தில் எடை கூடக்கூடக் குண்டு நீளமாகிறது, நீளமான உறுதியான குண்டு நேராக ஆழம் போகிறது. முழுச் செப்புக் குண்டு எடையை இழக்காமல் போவதால், அந்த வகையில் மட்டும் 180 கிரெயினே போதும்.

.375 ஹாலண்டு அண்ட் ஹாலண்டு 1912 முதல் புழக்கத்தில் இருக்கும் அருமையான தோட்டா. 300 கிரெயின் குண்டை .30-06-ஐவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆற்றலுடன் செலுத்துகிறது. வழிகாட்டிகள் பலர் அதையோ .338-ஐயோ சுமப்பதற்குக் காரணம், காயப்பட்ட கரடியைப் புதருக்குள் தேடிப்போகும் கடமை அவர்களுடையது. .375 துப்பாக்கியின் உதைப்பு .30-06-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பழகாதவர் தோளில் விழப்போகும் உதையை நினைத்தே விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடி உடம்பைக் குலுக்கிவிடுவார். குண்டு குடலில் பாயும். வயிற்றில் பட்ட .375-ஐவிட நுரையீரலைத் துளைத்த .30-06 கரடியையும் விரைவாக வீழ்த்தும், உடனிருக்கும் மனிதரையும் காக்கும். பயணத்துக்கு ஓராண்டு அவகாசம் இருந்து, வாரந்தோறும் சுட்டுப் பழகவும் முடிந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட .338 வாங்கட்டும். இல்லையென்றால் கைக்குப் பழகிய ரைஃபிளே நல்லது.

இதற்கு எதிராக, 1953-இல் கனடாவின் ஆல்பர்ட்டாவில் பெல்லா ட்வின் என்ற பழங்குடிப் பெண்மணி சிறிய .22 துப்பாக்கியாலேயே மிகப் பெரிய கிரிஸ்லி கரடியை (உள்நாட்டில் வாழும் பழுப்புக் கரடி) கொன்றார் என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். அது உண்மை நிகழ்ச்சிதான். ஆனால் முயலும் பறவையும் சுட்டு வாழ்ந்த அவர், தப்ப வழியில்லாத நெருக்கத்தில், எங்கே சுடவேண்டும் என்பதை அறிந்து சுட்டார். வேறு வழியற்றவரின் துணிவை, பணம் கட்டி விருப்பத்தோடு வேட்டைக்குப் போகிறவர் அளவுகோலாகக் கொள்வது கரடிக்குச் செய்யும் கொடுமை.

தோட்டா மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். 180 கிரெயினுக்குச் சரிசெய்த, ரைஃபிள்மேல் உள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியை 220-க்கு மறுபடி சரிசெய்யவேண்டும். வாங்கிய தோட்டாக்களை மேகசினில் (ரைஃபிளின் தோட்டாக்கூடு) நிரப்பி, ஒன்றுவிடாமல் சுடும் அறைக்குள் தடையின்றி ஏறுகின்றனவா என்று பார்க்கவேண்டும். மழுங்கிய மூக்குள்ள கனத்த குண்டு சில ரைஃபிள்களில் சிக்கும். களத்தில், பக்கவாட்டில் நிற்கும் கரடியின் முன்தோளை ஒட்டி, நெஞ்சுக்கூட்டின் நடுவில் குறிவைக்கவேண்டும். சரிவாக அமைந்த மண்டை ஓடு நம்பத்தக்க இலக்கன்று. முதல் குண்டு பட்டதும் கைநிறுத்தாமல், கரடி அசைவற்றுப் போகும்வரை தொடர்ந்து சுடச்சொல்லியே அங்கே எல்லோரும் கற்பிக்கிறார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அலாஸ்காவாசி அல்லாதவர் பழுப்புக் கரடியை வழிகாட்டியுடனோ, அங்கே வசிக்கும் நெருங்கிய உறவினருடனோதான் வேட்டையாட முடியும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவருக்கு உறவினர் போதாது, வழிகாட்டி கட்டாயம். குட்டியையும் குட்டியுடன் இருக்கும் தாயையும் சுடக்கூடாது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கரடி வேட்டை குற்றம் என்பதால், இந்தப் பதிலில் உள்ள எதுவும் இங்கே பொருந்தாது. நம் மலைகளில் எஞ்சியிருக்கும் கரடிகள் அப்படியே வாழவேண்டும் என்பது என் உறுதியான விருப்பமும்கூட.

முகாமில் இருக்கும் நேரத்துக்கு இடுப்பில் ஒரு கரடி ஸ்பிரேயும் (கரடியை விரட்டும் மிளகாய்க் காரத் தெளிப்பான்) இருக்கட்டும். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த நிகழ்வுகளைத் தொகுத்த ஆய்வில், பழுப்புக் கரடியின் அத்துமீறலை அது நூற்றுக்கு 92 முறை நிறுத்தியிருக்கிறது. அதை விமானத்தில் கொண்டுபோக முடியாது, கோடியாக்கில் இறங்கித்தான் வாங்கவேண்டும். தோட்டாவை மட்டும் டெக்சாஸிலேயே, பயிற்சிக்கும் வேட்டைக்கும் சேர்த்து ஒரே தயாரிப்பு எண்ணுள்ள பெட்டிகளாக வாங்கிக்கொள்வது நல்லது. பதிவுசெய்த பெட்டியில் வைத்து அனுப்ப விமான நிறுவனங்கள் பொதுவாக 5 கிலோ வரை அனுமதிக்கின்றன.