தாத்தா கடிகாரத்துக்கு என்ன விலை சொல்லலாம்?

கேள்வி: நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில். பக்கத்து வீட்டுப் பெரியவர் முதியோர் இல்லத்துக்குப் போகும்போது, ஏழடி உயர கிராண்ட்ஃபாதர் கடிகாரத்தை எங்களுக்குக் கொடுத்துவிட்டார். ஓக் மரப்பெட்டி, வெள்ளை டயல், மூலைகளில் பூ வரைந்திருக்கிறது, சாவி கொடுக்க இரண்டு துளை. ஓடவில்லை. பெரிய விலை போகும் என்கிறார் கணவர். உண்மையா? பாலிஷ் போடலாமா?
- ஒரு வாசகி

பதில்: பாலிஷ் டப்பாவை முதலில் மூடி வையுங்கள் அம்மா. பழைய மரத்தின் நிறத்துக்கும் காசு உண்டு, அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் திரும்ப வராது.

துளை இரண்டு என்றால் பெரும்பாலும் வாரம் ஒருமுறை சாவி கொடுக்கும் எட்டு நாள் கடிகாரம், ஒன்று ஓடுவதற்கு, மற்றது மணி அடிக்க. தினமும் சங்கிலி இழுக்கிற 30 மணி நேரக் கடிகாரத்தைவிட இதற்கு மதிப்பு அதிகம். வெள்ளை டயல் 1770-களில்தான் பரவியது, அதற்கு முன்பு பித்தளை டயல். அதனால் உங்களுடையது அதற்குப் பிந்தியது. டயலில் இருக்கும் பெயரை நம்பி ரொம்பக் கனவு காணாதீர்கள், பல நேரம் அது விற்ற கடைக்காரர் பெயர்தான்.

விலையைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் ஒரே கேள்வி: மெஷினும் பெட்டியும் பிறவியிலேயே ஜோடியா? வியாபாரிகள் இதைக் 'கல்யாணம்' என்பார்கள், அதாவது ஒரு வீட்டு மெஷினை இன்னொரு வீட்டுப் பெட்டியில் குடிவைப்பது. ஜாதகம் பார்ப்பது சுலபம். டயலை மூடியிருக்கும் மேல்கூடு பெரும்பாலும் முன்பக்கமாக வழுக்கி வந்துவிடும், ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். மெஷின் உட்கார்ந்திருக்கும் பலகையைப் பாருங்கள். அதைத் தாங்கும் பக்கச் சட்டங்களை அறுத்தோ, புது மரத்துண்டு வைத்து உயர்த்தியோ இருந்தால் சந்தேகம்தான். டயல் ஓரத்துக்கும் கதவுச் சட்டத்துக்கும் இடையே சந்து தெரிந்தாலும், எதற்கும் உதவாத துளைகள் டயலின் பின்னால் இருந்தாலும் அப்படியே. எனக்குப் பிடித்த சோதனை வேறு: டார்ச் அடித்து உள்ளே பின்பலகையைப் பாருங்கள், பெண்டுலக் குண்டு வருஷக்கணக்கில் உரசிய தழும்பு சில பெட்டிகளில் இருக்கும். இப்போதைய குண்டு தொங்கும் உயரத்திலேயே அந்தத் தழும்பு இருந்தால் நல்ல சகுனம்.

ஓடாததற்குப் பெரிய கோளாறு வேண்டியதில்லை, பெட்டி லேசாகச் சாய்ந்தாலே போதும். 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் இடைவெளி சமமாக இல்லையென்றால் நின்றுவிடும். ஆனால் எடையைத் தாங்கும் கயிறு நைந்திருக்கிறதா என்று பார்க்காமல் சாவி கொடுக்காதீர்கள், ஒவ்வொரு எடையும் ஐந்தாறு கிலோ, அறுந்தால் பெட்டியின் அடிப்பலகை போய்விடும்.

சரி, விலை. 20 வருஷத்துக்கு முன்பு கேட்டிருந்தால் உங்கள் கணவர் சொன்னதை ஒப்புக்கொண்டிருப்பேன். இப்போது வீடுகள் சின்னது, கூரை தாழ்வு, இந்த மாதிரி ஓக் கடிகாரம் ஏலத்தில் சில நூறு பவுண்டுக்குத்தான் போகிறது, முழுசாகக் கழற்றிச் சுத்தம் செய்யும் செலவே அந்த அளவுக்கு வந்துவிடலாம். இரண்டு ஏல நிறுவனங்களுக்கு, மேல்கூட்டை எடுத்துவிட்டு மெஷின் தெரிகிற மாதிரி போட்டோ அனுப்பிக் கேளுங்கள். அப்புறம், இடம் மாற்றும்போது எடைகளையும் பெண்டுலத்தையும் கழற்றாமல் நகர்த்த வேண்டாம். எந்த எடை இடது, எது வலது என்று சாக்பீஸில் எழுதி வையுங்கள்.