வேண்டுமென்றே மோதாவிட்டாலும் தடை ஏன்?

ஆமாம், ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் எதிரணி வீரரின் தலையில் ஆபத்தாக மோதினால் ஆடத் தடை விதிப்பது சரிதான். ‘மோதியவர் பந்தைத்தானே பார்த்தார்’ என்று கேட்கிறீர்கள். அது பாதி வாதம்.

இந்தக் குழப்பம் பெரும்பாலும் 2023இல் காலிங்வுட் வீரர் மேனார்ட் மீதான வழக்கால் வந்தது. மெல்போர்ன் வீரர் பிரேஷாவின் உதையைத் தடுக்க மேனார்ட் எகிறினார், காற்றிலேயே உடம்பைத் திருப்பினார், அவர் தோள் பிரேஷாவின் தலையில் இடித்தது. லீக்கின் தீர்ப்பாயம் மேனார்டை விடுவித்துவிட்டது. பிரேஷா அப்புறம் ஆடவே இல்லை. 2024 பிப்ரவரியில், 28 வயதில் ஓய்வு. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்த வழக்குக்குப் பிறகுதான் எகிறித் தடுப்பதற்கான விதியை லீக் இறுக்கியது.

இப்படி ஒரு மோதல் நடந்தால் வீடியோவை ஓட்டிப் பாருங்கள்: எகிறாமல் காலூன்றி நிற்க மோதியவருக்கு வழி இருந்ததா? இருந்தால் தடை கொடுக்கலாம்.

ஆனால் வழக்கமான வேகத்திலும் ஒருமுறை பாருங்கள். ஸ்லோ மோஷனில் அரை நொடிகூட நீண்ட நேரமாகத் தெரியும்.