கேள்வி பதில்: ஆனி ஓக்லியின் ஊர்க்காரர்கள்

கே: அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தில் டார்க் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) என்று ஒன்று இருக்கிறதாமே, நமக்குத் தெரிந்த ஆள் யாராவது அங்கே பிறந்திருக்கிறாரா?

ப: துப்பாக்கி சுடுவதில் உலகப்புகழ் பெற்ற ஆனி ஓக்லி அந்த ஊர்தான். 1860-ல் பிறந்தவர். அப்பா 1866-ல் இறந்துபோக, குழந்தைகளுக்குச் சாப்பாடு போட வழியில்லாமல், அம்மா இவரைக் கவுண்டியின் ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒரு குடும்பம் வீட்டு வேலைக்குக் கூட்டிப்போனது. ஒருநாள் ராத்திரி கிழிசல் தைத்துக்கொண்டே பிள்ளை கண்ணயர்ந்துவிட்டாள், அதற்காக வெறுங்காலோடு வெளியே பனியில் நிறுத்தினார்களாம். வாழ்நாள் முழுக்க அந்தக் குடும்பத்தின் பெயரை ஆனி சொன்னதே இல்லை, ‘ஓநாய்கள்’ என்றே சொல்லி வந்தார்.

தப்பி வந்தபிறகு காட்டில் முயலும் காடையும் சுட்டு, டார்க் கவுண்டியின் தலைநகரான கிரீன்வில்லில் ஒரு கடையில் விற்க ஆரம்பித்தார், அங்கிருந்து சின்சினாட்டி ஹோட்டல்களுக்கு அது போகும். 15 வயதில் அந்தக் காசிலேயே அம்மாவின் பண்ணைக் கடனை அடைத்தார். அப்புறம்தான் ஃபிராங்க் பட்லர் என்ற மேடைக் கலைஞரைப் போட்டியில் தோற்கடித்தது, அவரையே கல்யாணம் செய்துகொண்டது, 1885-ல் ஊர் ஊராகப் போய் சாகசக் காட்சி நடத்திய பஃபலோ பில் குழுவில் சேர்ந்தது எல்லாம்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 1903-ல் சிகாகோவில் கைதான ஒரு பெண் தன்னை ஆனி ஓக்லி என்று சொல்லிக்கொள்ள, போதைமருந்துக்காகத் திருடியவர் ஓக்லிதான் என்று பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்ட்டின் பத்திரிகைகள் அச்சடிக்க, நாடு முழுக்க அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். ஆனி 55 பத்திரிகைகள் மேல் வழக்குப் போட்டார். அவரைப் பற்றி ஏதாவது கெட்டது கிடைக்குமா என்று ஹெர்ஸ்ட் டார்க் கவுண்டிக்கே ஒரு துப்பறிவாளரை அனுப்பினார், ஒன்றும் சிக்கவில்லை. 54 வழக்குகளில் ஜெயம் ஆனிக்கு.

கே: டார்க் என்றால் இருட்டா?

ப: இல்லை, வில்லியம் டார்க் என்ற ராணுவ அதிகாரியின் பெயர். 1791 நவம்பர் 4-ல் பழங்குடிக் கூட்டணி அமெரிக்கப் படையைத் துவம்சம் செய்தபோது துப்பாக்கி முனைக் கத்திகளோடு எதிர்த்துப் பாய்ந்தவர், அந்தச் சண்டையிலேயே மகனைப் பறிகொடுத்தவர். வேடிக்கை என்னவென்றால் அது நடந்த இடம் இன்றைக்குப் பக்கத்து மெர்சர் கவுண்டியில் இருக்கிறது. டார்க் இறந்தது 1801, கவுண்டி உருவானது 1809. மனிதர் இங்கே குடியிருந்ததே இல்லை.

கே: பழங்குடித் தலைவர் டெகும்சேயும் அந்தப் பகுதிக்காரரா?

ப: பிறப்பால் இல்லை. ஆனால் 1795-ல் ஓஹியோவின் பெரும்பகுதியைப் பழங்குடியினர் விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் கிரீன்வில்லில்தான் கையெழுத்தானது, டெகும்சே அதை ஏற்கவில்லை. அவரும் தம்பி டென்ஸ்க்வாட்டாவாவும் 1805-ல் அதே கிரீன்வில் பக்கமாகவே வந்து ஊர் அமைத்தார்கள், துணிச்சலைப் பாருங்கள். தம்பி தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்டவர். பக்கத்து இண்டியானா பகுதியின் ஆளுநர் ஹாரிசன், ‘அப்படியானால் சூரியனை நிறுத்தச் சொல்லுங்கள் பார்ப்போம்’ என்கிற மாதிரி பழங்குடியினரிடம் கேலியாகக் கேட்க, 1806 ஜூன் 16 அன்று பட்டப்பகலில் சூரியன் மறைந்துபோகும் என்று தம்பி சொல்லிவிட்டார். சொன்ன நாளில் முழு கிரகணம்! அதன்பிறகு கூட்டம் சேர்ந்ததற்குக் கேட்கவேண்டுமா? 1808-ல் இருவரும் இண்டியானாவுக்கு நகர்ந்தார்கள்.

கே: வேறு யார்?

ப: முதல் உலகப்போரில் அரேபியர்களோடு சேர்ந்து சண்டையிட்ட ஆங்கிலேய அதிகாரி ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய செய்தியாளர் லோவல் தாமஸ், 1892-ல் இதே கவுண்டியின் உட்டிங்டனில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பத்தோடு கொலராடோவுக்குப் போய்விட்டார், ஆள் போனாலும் ஊர்க்காரர்கள் அவர் பிறந்த வீட்டை கிரீன்வில் கார்ஸ்ட் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் கிரீன்வில்லில் பிறந்த ஸாக்கரி லான்ஸ்டவுன், ஷெனண்டோவா என்ற கடற்படை வான்கப்பலின் கேப்டன். கண்காட்சிகளுக்கு மேலே பறந்து கூட்டத்துக்குக் காட்டிவிட்டு வா என்று மேலிடம் சொன்னபோது, இந்தப் பருவத்தில் இடிபுயல் மோசமாக இருக்கும், தள்ளிவையுங்கள் என்று கேட்டவர் அவர். ஓஹியோக்காரருக்குத் தெரியாதா ஓஹியோ வானம்? கிளம்பத்தான் வேண்டியிருந்தது. 1925 செப்டம்பர் 3 அதிகாலை, சொந்த மாநிலத்தின் மேலேயே புயலில் கப்பல் துண்டுதுண்டாக உடைந்தது. இறந்த 14 பேரில் அவரும் ஒருவர்.

கே: ஆனி ஓக்லியின் கல்லறை எங்கே?

ப: விக்டோரியா மகாராணி முன்னால் சுட்டுக்காட்டியவர், கடைசியில் ஊருக்கே திரும்பினார். 1926 நவம்பர் 3-ல் கிரீன்வில்லில் இறந்தார். 18 நாள் கழித்து ஃபிராங்கும் போய்விட்டார். பிராக் என்ற சின்ன ஊரின் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள்.