முள் எங்கே ஏறுகிறது? பழைய கார் கேள்வி-பதில்

கேள்வி: அண்ணே வணக்கம், திருமங்கலத்தில் இருந்து எழுதுகிறேன். மூன்று மாதம் முன்னால் பழைய கார் விற்கிற ஒரு கடையில் 2010 மாடல் டீசல் கார் ஒன்றை 1,80,000 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் வாரத்திலேயே, ஏசி போட்டு மதுரை கோரிப்பாளையம் நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறியது. பட்டறையில் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டு, "இனிமே ஹீட்டே ஆகாது" என்றார்கள். ஒரு மாதம் ஆகவும் இல்லை. போன வாரம் குடும்பத்தோடு கொடைக்கானல் போனோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறி, பாதியில் முள் சிவப்புக்குப் போய் பானட்டில் ஆவி வந்துவிட்டது. முக்கால் மணி நேரம் நிறுத்தி, இரண்டு பாட்டில் தண்ணீர் ஊற்றி, அப்படியே திரும்பிவிட்டோம். கீழே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. இப்போது வேறொரு மெக்கானிக், ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, 35,000 ஆகும் என்கிறார். செய்யலாமா, வந்த விலைக்குத் தள்ளிவிடவா?

பதில்: தம்பி, இரண்டுமே இப்போது வேண்டாம். ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற சீல், போயிருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை எதை வைத்துச் சொன்னார் என்று கேட்டீர்களா? ஆவி வந்தது, தண்ணீர் குறைந்தது என்பதை மட்டும் வைத்துச் சொல்லியிருந்தால் அது ஊகம்தான். ஊகத்துக்கு 35,000 கொடுக்க முடியாது.

வண்டி எந்த இடத்தில் ஹீட் ஆகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நெரிசலில் நின்றால் ஏறி, ரிங் ரோட்டில் ஓட்டினால் இறங்குகிறது என்றால் முதலில் ஃபேனைப் பாருங்கள், அதன் மோட்டார், ரிலே, ஃபியூஸ், இவ்வளவுதான். ஓடும்போது எதிர்க்காற்று ஃபேனுடைய வேலையைச் செய்துவிடும், நிற்கும்போது செய்யாது. நெரிசலில் சும்மா இருந்து, வேகத்திலும் மேட்டிலும் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும், அல்லது வாட்டர் பாடி (வாட்டர் பம்ப்) தண்ணீரைச் சரியாகத் தள்ளவில்லை. ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிடத்தில், எங்கே நின்றாலும் எப்படி ஓட்டினாலும் ஏறினால்தான் கேஸ்கெட் மீது முதல் சந்தேகம் வர வேண்டும். உங்களுடையது நெரிசல், மலை இரண்டிலும் ஏறுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறு இருக்கும் என்று நினைக்கிறேன், பழைய வண்டியில் அது சகஜம்தான்.

அந்த வால்வு விஷயத்துக்கு வருவோம். அது தெர்மோஸ்டாட். பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும், அதற்குக் கீழே மூடியிருக்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் ஹீட் என்று போனாலே முதலில் இதைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிடுவார்கள், மதுரை வெயிலுக்கு இது எதுக்கு என்று ஒரு வியாக்கியானம் வேறு. சமதளத்தில் முள் கீழேயே கிடக்கும், நமக்கும் சரியாகிவிட்டது என்று தோன்றும். எஞ்சின் எப்போதும் அரைச் சூட்டில் ஓடும், மைலேஜ் குறையும். சில எஞ்சின்களில் இந்த வால்வுதான் பைபாஸ் வழியையும் மூடுகிறது, அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பிவிடும், மலை ஏறும்போது அது வேலையைக் காட்டும். புது தெர்மோஸ்டாட் வாங்கிப் போடுங்கள். போடும் முன்னால் அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சூடு பண்ணி அதை முக்கிப் பாருங்கள், கொதி வரும் முன்பே வாய் திறக்க வேண்டும். பார்க்கவே நன்றாக இருக்கும்.

அடுத்தது யாரும் மதிக்காத ரேடியேட்டர் மூடி. அது வெறும் மூடி இல்லை, உள்ளே ஸ்பிரிங்கும் ரப்பரும் உண்டு, சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தம் இருக்கும்வரை வெறும் தண்ணீரே 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். உங்கள் எஞ்சின் சாதாரணமாக ஓடுகிற சூடே கிட்டத்தட்ட அதுதான். அப்புறம் பாதி மலையில் ஆவி வராமல் என்ன செய்யும்? தண்ணீர் ஒழுகாமலே குறைந்ததற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். சில நூறு ரூபாய்ச் சாமான், முதலில் இதை மாற்றுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் திறந்துவிடாதீர்கள். துணி போட்டுத் திறக்கிறேன் என்று முகத்தையும் கையையும் வேகவைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். முன்பக்கம் மூடியே இல்லாமல் பிளாஸ்டிக் டேங்கில்தான் மூடி என்றால், அதற்கும் இதே கதைதான்.

மூடியைத் திறக்கும்போது உள்ளே என்ன நிறம் என்று பாருங்கள். என் முதல் காரை இப்படித்தான் நானும் பார்க்காமல் வாங்கினேன். ஒரு மாதம் கழித்து, காலையில் ஆறின எஞ்சினில் மூடியைத் திறந்து விரலை விட்டால் மஞ்சளாகச் சேறு, மோந்து பார்த்தால் ரசம் வைக்கிற வாசனை! ஒழுகுகிற ரேடியேட்டரை அடைக்க மஞ்சள் தூளைக் கொட்டி என் தலையில் கட்டிவிட்டிருந்தார் விற்றவர். அவசரத்துக்கு ஊர் போய்ச் சேர உதவும்தான், ஆனால் ஓட்டையை அடைத்த அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிட்டது. கடைசியில் ரேடியேட்டரே மாற்ற வேண்டியதாயிற்று.

உங்கள் ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்று இப்படிப் பாருங்கள்: நன்றாக ஓட்டிவிட்டு வந்து எஞ்சினை நிறுத்துங்கள், சாவியை எடுத்துவிட்டுப் பேட்டரி ஒயரையும் கழற்றிவிடுங்கள், சில வண்டிகளில் நிறுத்தின பிறகும் ஃபேன் தானாகச் சுற்றி விரலைப் பதம் பார்த்துவிடும். பிறகு ரேடியேட்டர் முகத்தில் மேலிருந்து கீழே, பக்கவாட்டில், கையைச் சற்றுத் தள்ளி வைத்துச் சூட்டை உணருங்கள். சூடு சீராகக் குறைந்துகொண்டே போனால் சரி. நடுவில் திட்டாகச் சில்லென்று இருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள், புழுதியும் செத்த பூச்சியும் மெத்தை மாதிரி அடைந்திருக்கும். வெளியே ஒழுகவில்லை என்பதையும் ஒரு தடவை சோதியுங்கள், சூடான ஹோஸில் கசிகிற கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்) கீழே விழுமுன் காய்ந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குதான் தட்டியிருக்கும். முன் சீட்டுக் கால்மிதிக்கு அடியில் ஈரம், காருக்குள் ஒரு தித்திப்பு வாசனை என்றால் ஹீட்டர் கோர், அதாவது டாஷ்போர்டுக்குள் இருக்கிற குட்டி ரேடியேட்டர், கசிகிறது.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் கேஸ்கெட். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணி, மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே, ஒன்றிரண்டு நிமிடத்தில் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் சிலிண்டரின் அழுத்தம் தண்ணீருக்குள் போகிறது. ரேடியேட்டர் வாயில் நிற்காமல் குமிழி வருவது, சூடான பிறகும் சைலன்சரில் தித்திப்பு வாசனையோடு வெள்ளைப் புகை, டிப் ஸ்டிக்கில் ஆயில் காபி நிறத்துக்கு மாறியிருப்பது, இவையும் அறிகுறி. ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெள்ளை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம், கொஞ்ச தூரமே ஓடுகிற வண்டிகளில் அது வரும். உறுதியாகத் தெரிய நீல நிறத் திரவம் வைத்த டெஸ்ட் ஒன்று இருக்கிறது, அந்தக் குழாயை ரேடியேட்டரின் வாய்ப்பகுதியில் வைத்து அதன் ரப்பர் பம்பால் காற்றை உறிஞ்சினால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது நீலம் மாறும், பெட்ரோல் வண்டியில் மஞ்சளாக, உங்களுடையது போன்ற டீசலில் பச்சையாக. அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். நிறம் மாறினால் 35,000-ஐப் பற்றிப் பேசலாம், அப்போதும் ஹெட்டை லேத்தில் கொடுத்து வளைவு பார்த்து ஃபேஸிங் செய்வது (முகத்தைச் சீவி மட்டமாக்குவது) அந்தக் கணக்கில் சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள். வளைந்த ஹெட்டின் மேல் புது கேஸ்கெட் நிற்காது.

கடைக்காரர் விஷயம்: கடையில் வாங்கியதால் உங்களுக்கு வழி இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள். 5 லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். ஆனால் கழற்றின பாகம், பட்டறை பில், டெஸ்ட் எடுத்த போட்டோ எல்லாம் கையில் வேண்டும், வாயால் சொன்னது நிற்காது. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்தச் சட்டத்தில் உங்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: சார், எங்களுக்கு மேலூர் பக்கம். காரில் தண்ணீர் குறைந்தால் வீட்டுப் போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம். கூலண்ட் கட்டாயமா?

பதில்: அம்மா, வீட்டுக் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது இல்லையா, அதுவேதான் எஞ்சினுக்குள்ளும் படியும். நடுவழியில் நின்றால் எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், ஊர் வந்ததும் வடித்துவிட்டுக் கூலண்ட் போடுங்கள். கலக்க வேண்டிய வகை என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. பச்சை இருக்கிற வண்டியில் சிவப்பைக் கலக்காதீர்கள், சில வகைகள் சேர்ந்தால் கூழாகிவிடும்.

கேள்வி: பழைய கார் பார்க்கப் போகிறேன். ஹீட் பிரச்சினையை வாங்கும் முன்பே கண்டுபிடிக்க முடியுமா அண்ணே?

பதில்: முடியும். வருவதாகச் சொன்ன நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னால் போங்கள், பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். ஆறியிருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே நிறத்தைப் பாருங்கள். மதுரை நத்தம் ரோட்டு மேம்பாலத்தில் 7 கிலோமீட்டர் சொச்சம் நிற்காமல் ஓட்டுங்கள், திரும்பி வந்து, மத்தியான வெயிலில் ஏசி போட்டு ஓரமாகப் பதினைந்து நிமிடம் ஆனிலேயே நிறுத்தி வையுங்கள். அந்த நேரத்தில் ஃபேன் சுற்றி நின்று மறுபடி சுற்றுகிறதா என்று காதைக் கொடுங்கள். எண்ணெய் வீணாகுதே என்று விற்பவர் முகம் சுளித்தால், 200 ரூபாய்க்கு நீங்களே போட்டுவிடுங்கள்.