கறுப்பு அங்கி வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 38 வயது. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்தேன். அதற்குமேல் தமிழ் வழியில் படிக்க வசதியில்லாமல் நின்றுவிட்டேன். வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். ரேஷன் அட்டை, ஜீவனாம்சம், கணவன் அடித்த புகார் என்று தெருப் பெண்களுக்குத் துணையாகப் பல ஆண்டுகளாக அலுவலகங்களுக்குப் போய்வருகிறேன். “நீ என்ன வக்கீலா?” என்று ஓர் அதிகாரி கேட்டது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இனிப் படித்து வழக்கறிஞராக முடியுமா? பன்னிரண்டாம் வகுப்பு இல்லாமலே பட்டம் வாங்கித் தருவதாக ஒரு பயிற்சி நிலையத்தில் சொல்கிறார்கள். சேரலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாராவி, மும்பை

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: சேராதீர்கள். வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி, பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிக் குதித்து நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் பெற்றவர்கள் சட்டப் படிப்பில் சேர முடியாது. அஞ்சல் வழியில் படிப்பதை அந்த விதி தடுக்கவில்லை. படியைத் தாண்டுவதைத்தான் தடுக்கிறது. பணமும் மூன்று ஆண்டுகளும் போன பிறகு இதைத் தெரிந்துகொள்வது பெருங்கொடுமை.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. ஐந்து பாடங்கள் போதும். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகளுக்குள், முடிந்தபோது முடிந்த பாடத்தை எழுதித் தேறலாம். தமிழை மொழிப்பாடமாகவும், சட்ட அறிமுகத்தை விருப்பப்பாடமாகவும் எடுத்துக்கொள்ளலாம். காவல் நிலைய வாசலில் நீங்கள் கற்றுக்கொண்டது பாதி, அந்தப் பாடப் புத்தகத்திலேயே உங்களுக்கு எதிர்ப்படும்.

பிறகு இரண்டு வழிகள் உண்டு. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் நேரே சேரலாம். அல்லது மூன்றாண்டுப் பட்டம் பெற்று, அதன்மேல் மூன்றாண்டுச் சட்டம் படிக்கலாம். இரண்டாவது வழி ஓராண்டு கூடுதல் என்றாலும் அதையே நான் உங்களுக்குச் சொல்வேன், ஏனென்றால் முதல் மூன்றாண்டுகளை மாவு வியாபாரத்தை விடாமல் தொலைநிலையில் முடித்துவிடலாம். சட்டத்தை மட்டும் அஞ்சல் வழியில் படிக்க முடியாது, வகுப்புக்குப் போயே ஆகவேண்டும். பட்டத்தில் வெறுமனே தேறினால் போதாது. பொதுப் பிரிவினருக்கு 45, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். மகாராஷ்டிரத்தின் நுழைவுத் தேர்வு ஆங்கிலத்திலும் மராத்தியிலும் நடக்கிறது. ரேஷன் அலுவலகத்தில் வாதாடிப் பழகிய உங்கள் மராத்தியை இப்போதே எழுத்துக்கும் பழக்குங்கள். வயதைப் பற்றிய கவலை வேண்டாம். சட்டப் படிப்புக்கு வயது வரம்பு வைக்கும் பார் கவுன்சிலின் முயற்சிக்கு உச்ச நீதிமன்றம் 2017இல் தடை விதித்தது. வழக்கறிஞராகப் பதிவு செய்யப் பெருந்தொகை கேட்பார்கள் என்ற அச்சத்தையும் அதே நீதிமன்றம் 2024இல் தீர்த்துவைத்தது: 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்தான்.

ஆக, ஏழெட்டு ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை அந்த அதிகாரிக்கு என்ன பதில் சொல்வது? நாசிக்கில் பிறந்து, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற கொர்னீலியா சொராப்ஜி, 1892இலேயே ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதினார். பெண்கள் வழக்கறிஞராகலாம் என்ற சட்டம் இங்கே வந்ததோ 1923இல். இடைப்பட்ட காலத்தை அவர் வீணாக்கவில்லை. அந்தப்புரத்துக்கு வெளியே வர முடியாத பெண்களின் சொத்துரிமைக்காக, அங்கி இல்லாமலேயே உழைத்தார்.

உங்களுக்கு அவ்வளவு நெருக்கடியும் இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, ‘சட்டத் தன்னார்வலர்’ என்று பயிற்சி தந்து அடையாள அட்டையும் வழங்குகிறது. உங்கள் பத்தாம் வகுப்பே அதற்குப் போதும். நீதிமன்றத்தில் வாதாட முடியாது; ஆனால் புகார் எழுத உதவலாம், இலவச வழக்கறிஞருக்கு விண்ணப்பிக்க வைக்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி இலவசச் சட்ட உதவி பெறப் பெண்ணாக இருப்பதே தகுதி. வருமானச் சான்று தேவையில்லை. சான்று இல்லையென்று யாராவது திருப்பி அனுப்பினால், இந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள். 15100 என்ற உதவி எண்ணையும் உங்கள் தெருப் பெண்களிடம் சொல்லிவையுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான், வயது 62. இத்தகைய பணியில் எனக்கும் இடமுண்டா?
— வாசகி, மாட்டுங்கா

பதில்: உண்டு. சட்டத் தன்னார்வலராகச் சேரத்தக்கவர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் அடக்கம். ஆனால் உங்களிடம் நான் கேட்க நினைப்பது வேறு. மேலே எழுதியிருக்கும் சகோதரியைப் போன்றவர்கள் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் தடுக்கிவிழப்போவது பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். மாட்டுங்காவிலிருந்து தாராவி நடந்துபோகும் தூரம். வாரத்துக்கு இரண்டு மாலைகள் ஒதுக்க முடியுமென்றால் எழுதுங்கள், அந்தச் சகோதரியின் சம்மதத்தைக் கேட்டு உங்கள் கடிதத்தை அவருக்கு அனுப்பிவைக்கிறோம்.