சுவரில் முட்டி நிற்கும் தெரு

கேள்வி: கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் எங்கள் லேஅவுட். கடைசித் தெரு காம்பவுண்டு சுவரில் முடிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த லேஅவுட்டின் தெரு. பள்ளி வேன் அங்கேதான் வரும். நாங்கள் மெயின் ரோடு சுற்றிப் போகிறோம். சுவரை எடுக்க வழி உண்டா?

பதில்: சுவர் நிற்கும் நிலம் யாருடையது என்று முதலில் பாருங்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சாலைகளைத் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பத்திரம், அனுமதி வரைபடம், புலப்பட (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) நகல் மூன்றையும் இரண்டு லேஅவுட்டுக்கும் வாங்குங்கள். இரண்டு தெருவும் சர்வே எல்லைவரை போகின்றன என்றால் குறுக்கே நிற்பது ஆக்கிரமிப்புச் சுவர். சர்வேயரை வைத்து அளந்து, உள்ளாட்சியில் வரைபடத்தோடு மனு கொடுக்கலாம்.

சிக்கல் வருவது ஓரடித் துண்டில். பக்கத்து நிலக்காரர் பின்னாளில் வழி கேட்டால் விலை பேசலாமே என்று, தெருக்கோடியில் ஓரடி அகல நிலத்தைப் புரமோட்டர் தன் பெயரிலேயே வைத்துக்கொள்வதுண்டு. அப்படி இருந்தால் மனு பலிக்காது. துண்டை விலைக்கு வாங்கி உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். கார் நுழையாதபடி நடுவில் கல் நட்டு, 2 மீட்டர் நடைவழி மட்டும் கேளுங்கள், எதிர்ப்பு பாதியாகும். தரைமட்டத்தையும் பாருங்கள். கால்வாய் போடாமல் திறந்தால் மேட்டு லேஅவுட்டின் மழைநீர் கீழ்வீட்டு வாசலில் நிற்கும். அடுத்த மழைக்குள் சுவர் மறுபடி எழும்பிவிடும்.

கேள்வி: தர்மபுரி பென்னாகரம் சாலையில் மனை பார்க்கிறேன். தெரு இணைப்பு நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கணிப்பது?

பதில்: வரைபடத்தில் தெருச் சந்திப்புகளையும், வழியில்லாமல் தெரு முடியும் முட்டுமுனைகளையும் புள்ளியாக எண்ணுங்கள். இரண்டு புள்ளிக்கு இடைப்பட்ட தெரு ஒரு துண்டு. துண்டுகளைப் புள்ளிகளால் வகுத்தால் 1.4 அல்லது மேலே வருவது நல்லது. ஒரு நடுத்தெரு, அதில் நான்கு இடங்களில் இருபுறமும் முட்டுத்தெரு என்றால், மெயின் ரோட்டு வாசலையும் ஒரு புள்ளியாகச் சேர்த்து 12 துண்டு, 13 புள்ளி: 0.92. அந்த முனைகளைப் பக்கவாட்டில் இணைத்தால் 14 துண்டு, 9 புள்ளி: 1.56. ஓரத்து நான்கு முனைகள் இப்போது வெறும் வளைவு; வளைவைப் புள்ளியாக எண்ணக் கூடாது.

இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே கட்டம் கட்டமாகத் தெரு போட்டு வெளியே ஒரே வாசல் வைத்தாலும் 1.56 வரும், பால் வாங்கக்கூட மெயின் ரோட்டுக்குத்தான் போக வேண்டும். வெளிவழி குறைந்தது இரண்டு, வெவ்வேறு சாலையில் இருக்கட்டும். கிராம வரைபடத்தில் மனைக்குப் பின்னால் வண்டிப்பாதை இருந்தால், அது அ-பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) புறம்போக்கா, பட்டாவா என்று பாருங்கள். பட்டா என்றால் அதை வழிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.