ஞானஸ்நானம் எடுத்தால் பெயரை மாற்ற வேண்டுமா?

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. கிறிஸ்தவ நம்பிக்கைக்குள் வருகிறவர் பழைய பெயரை விட்டுவிட வேண்டுமா? ஒரே கிறிஸ்துவை வணங்கும் சபைகளுக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

முதல் கேள்விக்கு என் பதில்: வேண்டியதில்லை. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

என் பெயர் வேறொரு தெய்வத்தின் பெயர். அதோடு தண்ணீரில் இறங்குவது சரியில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, ஞானஸ்நானத்துக்கு முந்தின வாரம் நான்கு வேதாகமப் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் போதகரிடம் கொண்டுபோனேன். அவர் படித்துப் பார்த்து, தாளை மடித்து மேசையில் வைத்தார். ரோமர் 16-ஆம் அதிகாரத்தைத் திறந்து, "சத்தமாக வாசியுங்கள்" என்றார்.

ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதத்தில் அப்போஸ்தலர் பவுல் வரிசையாக வாழ்த்துச் சொல்லும் அதிகாரம் அது. வெறும் பெயர்கள்தானே என்று நான் எப்போதும் தாண்டிப் போகிற பகுதி. முதல் வசனத்திலேயே சபையின் ஊழியக்காரி பெபேயாள் வருகிறார். கிரேக்கப் புராணத்தில் அது ஒரு பெண் தெய்வத்தின் பெயர். 14-ஆம் வசனத்தில் எர்மே. லீஸ்திரா ஊர் ஜனங்கள் பவுலைத் தெய்வமென்று நினைத்து "மெர்க்கூரி" என்றார்களே, கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இருப்பதும் இதே பெயர்தான். அப்புறம் போதகர் ஆதிச் சபையின் இன்னும் இரண்டு பேரை நினைவுபடுத்தினார். அப்பொல்லோ, எப்பாப்பிரோதீத்து. முதல் பெயர் கிரேக்கரின் அப்பல்லோ தெய்வத்திலிருந்து வந்தது, இரண்டாவது அப்ரோடைட் தேவியிலிருந்து. அந்த எப்பாப்பிரோதீத்துவைப் பவுல் "என் சகோதரனும், உடன்வேலையாளும்" என்று எழுதுகிறார். பெயரை மாற்றிக்கொள் என்று அவர் இவர்களில் யாருக்கும் எழுதியதாக நிருபங்களில் இல்லை.

"சவுல் பவுலாக மாறினாரே?" என்று கேட்டேன். பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் அவர் மனந்திரும்பிய தமஸ்கு வழியில் ஆண்டவர் கூப்பிட்டது "சவுலே, சவுலே" என்று. மனந்திரும்பி வெகுகாலம் கழித்தும், அப்போஸ்தலர் 13-இல் பரிசுத்த ஆவியானவர் "பர்னபாவையும் சவுலையும்" என்றுதான் சொல்கிறார். அதே அதிகாரம் 9-ஆம் வசனம் "பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்" என்கிறது. அவருக்கு இரண்டு பெயர்களும் இருந்தன, அவ்வளவுதான்.

ஆபிராம் ஆபிரகாமானதும் யாக்கோபு இஸ்ரவேலானதும் உண்மை. அங்கே தேவனே பெயர் சூட்டுகிறார், ஒரு வாக்குத்தத்தத்தோடு சூட்டுகிறார். சீமோனுக்குப் பேதுரு என்று பெயரிட்டதும் இயேசுதான். ஆனால் பேதுரு தம்மைத் தெரியாது என்று மறுதலித்த பிறகு, கடற்கரையில் இயேசு மூன்று தரமும் கூப்பிட்டது "யோனாவின் குமாரனாகிய சீமோனே" என்ற பழைய பெயரைச் சொல்லி. அந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இது தளர்ந்திருக்கிறது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு குழந்தைக்குக் கிறிஸ்தவப் பெயர் இடப் பார்த்துக்கொள்ளும்படி பங்குக்குருவுக்குச் சொன்னது. 1983-ஆம் ஆண்டுச் சட்டம், கிறிஸ்தவ உணர்வுக்கு அந்நியமான பெயர் வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

சபைப் பெயர்களுக்கு வருவோம். "கிறிஸ்தவர்" என்பதே அந்தியோகியாவில் வழங்க ஆரம்பித்த பெயர், அநேகமாக வெளியார் வைத்தது. அதற்கு முன்பு "இந்த மார்க்கத்தார்" என்றுதான் இருந்தது. புதிய ஏற்பாடு முழுவதிலும் "கிறிஸ்தவர்" என்ற சொல் மூன்றே இடங்களில் வருகிறது. சுமார் 112-இல் ரோம ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சந்தேகம் கேட்கிறார்: தண்டனை இந்தப் பெயருக்காகவா, அல்லது அதோடு சேர்ந்த குற்றங்களுக்காகவா? அந்தப் பெயரை ஒப்புக்கொண்டு, மறுதலிக்காமல் நின்றவர்கள் கொல்லப்பட்ட காலம் அது.

பிற்பாடு வந்த பெயர்களிலும் பல, மற்றவர்கள் ஒட்டியவை. "மெதடிஸ்ட்" என்பது ஆக்ஸ்போர்டு மாணவர்களைக் கேலி செய்ய வைத்த பட்டம். "புராட்டஸ்டண்ட்" 1529-இல் ஜெர்மனியின் ஸ்பேயர் நகரில் கூடிய மன்றத்தில், லூத்தரின் சீர்திருத்தத்தை ஆதரித்தவர்கள் தெரிவித்த எதிர்ப்பிலிருந்து வந்தது. தன் பெயரால் யாரும் தங்களை லூத்தரன் என்று அழைத்துக்கொள்ளக்கூடாது என்று சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரே 1522-இல் கேட்டுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. ஒரு வரலாற்றைச் சுமக்கும் அடையாளமாக இந்தப் பெயர்களை மதிக்கிறேன். ஆனால் "நீ எந்தச் சபை?" என்று கேட்டுவிட்டு, பதிலைப் பொறுத்து முகம் மாறுவது எனக்கு வலிக்கிறது. கொரிந்து சபையில் ஆளுக்கொரு தலைவரின் பெயரைச் சொல்லி இதே சண்டை நடந்தபோது பவுல் கேட்டார்: "பவுலா உங்களுக்காகச் சிலுவையிலறையப்பட்டான்? பவுலின் நாமத்தினாலேயா ஞானஸ்நானம் பெற்றீர்கள்?"

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் நான் பதிலைப் பார்ப்பது இந்த வசனத்தில்தான். ஞானஸ்நானத்தில் நமக்கு என்ன பெயர் கிடைக்கிறது என்பதைவிட, யாருடைய நாமத்துக்குள் போகிறோம் என்பதே பெரிது. மத்தேயு 28-இல் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூவரைச் சொல்லிவிட்டு, "நாமத்திலே" என்று ஒருமையில்தான் வருகிறது.

புதுப் பெயர் வைத்துக்கொள்ள உங்களுக்கு ஆசையிருந்தால் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள். பயந்துகொண்டு வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீரில் போதகர் என் பழைய பெயரைத்தான் சொல்லிக் கூப்பிட்டார்.